காலை அளக்காத பாதுகாப்பு

டிராம்பேயில் மாலை ஷிப்ட் முடிந்து வெளியே வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா, தோழர்களே? ஆலைக்குள் அணிந்திருந்த பாதுகாப்புக் காலணியை நெகிழிப் பையில் போட்டுக் கையில் தொங்கவிட்டபடி, ரப்பர் செருப்புடன் சீத்தா கேம்ப் நோக்கி நடப்பவர்களே அவர்களில் பலர். எட்டு மணி நேரமும் கேட்டுக்குள் கட்டாயமாக அணிந்த காலணியைக் கேட்டைத் தாண்டிய மறுநிமிடமே கழற்றிவிடுகிறார்கள். வீடுவரை அதனோடு நடக்க அவர்களால் முடிவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் கிளைக் கூட்டத்திற்கு வந்த ஒரு தோழர், தரையில் அமர்ந்ததும் காலுறையை இழுத்துக் காட்டினார். இரண்டு சுண்டுவிரல்களிலும் தோல் உரிந்திருந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அவருடைய காலுக்கு 7ஆம் எண் போதும். ஒப்பந்ததாரர் கொடுத்தது 9ஆம் எண். "7ஆம் எண் கேட்கவில்லையா?" என்றால், "கேட்டேன் தோழர். அது அகலம் பத்தாமல் விரலை நெரித்தது. 9 கொடுத்தார்கள், அது குதிகாலில் கழன்று உரசுகிறது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள், கையெழுத்துப் போடு என்றார்கள்" என்றார். பதிவேட்டில் "பாதுகாப்புக் காலணி, 1 ஜோடி, பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கிறது. ஆய்வு வந்தால் காட்டப்படுவது அந்தப் பதிவேடு. காலை எவரும் கேட்பதில்லை.

செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று நம் கிராமங்களில் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை எழுப்ப விரும்புகிறது. காலுக்குப் பொருந்தாத காலணி பாதுகாப்புச் சாதனம் ஆகாது. அதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதன் மூலம் முதலாளி தனது பொறுப்பை நிறைவேற்றிவிட்டதாகக் கருதவும் முடியாது. சரியான அளவில் காலணி பெறுவது சலுகைப் பட்டியலில் சேரவேண்டிய ஒன்றன்று. அது தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறவேண்டிய உரிமை.

எஃகு நெகிழாது

பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15298. இதன்படி விரல்களை மூடியிருக்கும் கவசம் 200 ஜூல் ஆற்றல் கொண்ட தாக்குதலைத் தாங்கவேண்டும். 20 கிலோ எடையுள்ள இரும்புத்துண்டு சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மீது விழுவதற்கு இணையானது இது. குழாய்களையும் வால்வுகளையும் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு இக்கவசம் எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் விரலைக் காக்கும் அதே கவசம்தான் பொருந்தாத காலணியை மிகக் கொடுமையானதாக ஆக்குகிறது. சாதாரணத் தோல் ஷூ சில நாட்களில் காலின் வடிவத்திற்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுக்கும். "போட்டுப் பழகினால் சரியாகிவிடும்" என்ற சொல் அதற்குப் பொருந்தலாம். எஃகுக் கவசம் நெகிழாது. முதல் நாளில் அகலம் போதாத காலணி, தேய்ந்து எறியப்படும் நாளிலும் அகலம் போதாததாகவே இருக்கும். இதற்கிடையில் பழகுவது தொழிலாளியின் விரல்தான்: ஆணி விழும், நகம் சதைக்குள் வளரும், பெருவிரல் உள்நோக்கிச் சாயும்.

அகலத்திற்காக எண்ணைக் கூட்டினால் வேறு ஆபத்துகள் வருகின்றன. விரல்களின் அடிமூட்டுகள் வளையும் இடமும் காலணி வளையும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும். நீளம் கூடும்போது இந்த இரண்டும் விலகுகின்றன. குதிகால் ஒவ்வோர் அடியிலும் உயர்ந்து உரசுகிறது. இரும்பு ஏணியில் ஏறும்போது காலணியின் முனை படியில் தட்டுகிறது. எண்ணெய் சிந்திய தரையில் கால் ஒரு பக்கமும் காலணி ஒரு பக்கமும் போகிறது. இடறி விழாமல் காக்கவேண்டிய பொருளே இடறிவிழக் காரணமாகிறது.

நீரிழிவு உள்ள தொழிலாளிக்கு இது இன்னும் கடுமை. நாற்பது வயதைத் தாண்டிய எத்தனையோ தோழர்களுக்கு இந்நோய் இருக்கிறது. நீரிழிவு நரம்புகளைப் பாதித்தால் காலில் உணர்ச்சி குறையும். கொப்புளம் வந்ததே தெரியாமல் அவர் ஷிப்டை முடிப்பார். அது புண்ணாகி, ஆறாமல், விரலை அகற்றும் நிலைக்குச் செல்லக்கூடும். பதிவேட்டின்படி அவருக்கும் "1 ஜோடி" வழங்கப்பட்டிருக்கும்.

யாருடைய காலை அளந்தார்கள்?

நம் கடைகளில் நாம் கேட்கும் 7, 8, 9 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? இவை பிரிட்டிஷ் அளவுமுறையின் எச்சம். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். இங்கிலாந்தில் பழங்காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தை அளவாகக் கொண்டதிலிருந்து வந்த கணக்கு அது. இந்த எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது. அகலத்தைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. சுதந்திரம் பெற்றுப் பல பத்தாண்டுகளாகியும் இந்தியத் தொழிலாளியின் கால் எப்படி இருக்கிறது என்று முறையாக அளந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

அந்த வேலையை அண்மையில் செய்தது சென்னை அடையாறில் உள்ள பொதுத்துறை நிறுவனமான மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்கள் முப்பரிமாண ஸ்கேன் கருவிகளால் அளக்கப்பட்டன. கிடைத்த முடிவு செருப்புத் தைக்கும் நம் தோழர்கள் என்றோ அறிந்ததுதான்: இந்தியர்களின் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலமானவை. குறுகிய அச்சில் தைக்கப்பட்ட காலணிகளுக்குள் நுழைவதற்காக மக்கள் தேவைக்கு மேற்பட்ட நீளமுள்ள எண்களை வாங்கிவருகின்றனர் என்பதும் தெரியவந்தது. இதன் அடிப்படையில், பாரதம் என்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு "பா" என்ற பெயரில், வயதையும் பாலினத்தையும் கருத்தில் கொண்ட எட்டுப் பிரிவுகள் உள்ள புதிய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது.

நமது தோழரின் 7, 9 குழப்பம் அவருடைய காலின் குறையிலிருந்து வரவில்லை என்பதை இந்த ஆய்வு ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகிறது. பிழை அச்சில் இருக்கிறது. அந்த அச்சை மாற்றவேண்டியது உற்பத்தியாளரின் கடமை. மாறிய அச்சில் வாங்கவேண்டியது நிர்வாகத்தின் கடமை.

ஆளும் வர்க்கங்களுக்குக் கால்களை அளக்கத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். தேவைப்படும்போது நன்றாகவே அளப்பார்கள். அமெரிக்க இராணுவ மருத்துவரான எட்வர்ட் மன்சன் தலைமையிலான குழு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,000 சிப்பாய்களின் கால்களை ஆராய்ந்தது. பொருந்தாத பூட்ஸ், அணிவகுத்துச் செல்லும் படையில் எத்தனை பேரை முடமாக்குகிறது என்பதை அது கண்டது. 1912இல் புதிய அச்சு ஏற்கப்பட்டது. சிப்பாயை வெறுங்காலுடன் நிறுத்தி, முதுகில் 40 பவுண்டு சுமையை ஏற்றி, அதன் பிறகே காலை அளக்கவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. சுமையின்கீழ் கால் நீண்டு விரியும். அந்த விரிந்த கால்தான் நடக்கப்போகிறது என்பதே காரணம். போருக்கு அனுப்பும் காலை இவ்வளவு அக்கறையோடு அளந்த முதலாளித்துவம், சிமெண்ட் மூட்டை சுமக்கும் காலை, வால்வு திருகும் காலை அளக்க மறுக்கிறது. படையில் ஒரு சிப்பாய் நொண்டினால் தளபதிக்கு இழப்பு. ஒப்பந்தத் தொழிலாளி நொண்டினால் மறுநாள் கேட்டில் வேறொருவர் நிற்பார். இழப்பு தொழிலாளியின் குடும்பத்திற்கு மட்டுமே.

பெண் தொழிலாளர்களின் நிலை இதைவிட மோசம். ஆலை வளாகங்களில் துப்புரவுப் பணியிலும் தோட்டப் பராமரிப்பிலும் கட்டட வேலையிலும் பெண்கள் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆண்களுக்காகத் தைத்தவற்றில் மிகச் சிறிய எண். பெண்ணின் கால் ஆணின் காலைச் சுருக்கிய வடிவம் அன்று. முன்பாதத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால் பெண்களின் குதிகால் குறுகலாக இருக்கும். ஆகவே முன்னே பொருந்தினால் பின்னே கழலும். பழைய துணியைச் சுருட்டிக் குதிகாலில் திணித்துக்கொண்டு வேலை செய்யும் சகோதரிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

டெண்டரில் தொலையும் பொறுப்பு

டிராம்பே–மாகுல் பகுதி பெருந்தொழில்களின் பூமி. அணுசக்தி ஆய்வு நிலையம் 1954இல் இங்கு நிறுவப்பட்டது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் 1954–55இல் வந்தன. அனல்மின் நிலையம் 1956இல் வந்தது. உரத் தொழிற்சாலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. இங்கே கட்டுமானத்திற்கும் சுமைப்பணிக்கும் வந்தவர்களில் திருநெல்வேலியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள் கணிசமானோர். 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி காவல்துறையைக் கொண்டு அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் கொண்டுவந்து விடப்பட்ட சதுப்பு நிலம்தான் இன்றைய சீத்தா கேம்ப். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வட்டாரத்தில் ஒப்பந்தக்காரர்களின் கீழ் வேலை செய்கிறார்கள்.

பாட்டன் காலத்து நிரந்தர வேலைக்கும் பேரன் காலத்து ஒப்பந்த வேலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு ஜோடி காலணியில் காணலாம். நிரந்தரத் தொழிலாளிக்குக் காலணி வழங்குவது சங்கத்துடன் செய்த உடன்பாட்டில் இருந்தது. குறைபாடு இருந்தால் சங்கம் கேட்டது. இன்று நவதாராளமயக் கொள்கையின் கீழ் முதன்மை நிறுவனம் பராமரிப்பு வேலையை டெண்டர் விடுகிறது. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை கிடைக்கிறது. அவர் அதில் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கைமாற்றுகிறார். இவ்வாறு இறங்கி வரும்போது, காலணிக்கென ஒதுக்கிய தொகை ஒவ்வொரு படியிலும் சுருங்குகிறது. கடைசி ஒப்பந்ததாரர் இரண்டு மூன்று எண்களில் மொத்தமாக வாங்கி அறையில் குவிக்கிறார். ஆலையின் ஷட்டவுன் காலத்தில் சில வாரங்களுக்காகக் கொண்டுவரப்படும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு, முந்தைய ஷட்டவுனில் வேறொருவர் கழற்றிப்போட்ட காலணியே கிடைப்பதுண்டு. வேறொருவரின் காலுக்கு மடிந்த தோல் இவருடைய காலுக்குப் பொருந்துவது எப்படி?

இதற்குப் பொறுப்பு யார் என்பதில் சட்டம் குழப்பம் எதையும் விட்டுவைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் "தொழிலாளி" என்ற சொல்லின் வரையறைக்குள் ஒப்பந்ததாரர் மூலம் பணிபுரிபவரும் அடங்கியிருந்தார். எனவே அவருடைய பாதுகாப்பு தொழிற்சாலையை நடத்துபவரின் கடமையாக இருந்தது. போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் கொண்டுவந்த திருத்தம், ஆபத்தான உற்பத்தி நடைபெறும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்துப் பெற்ற பிரிவு அது.

29 தொழிலாளர் சட்டங்களை அழித்து உருவாக்கிய நான்கு சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, பாதுகாப்புக் குழுவை அமைக்குமாறு அரசு ஆணையிடலாம் என்றாகிவிட்டது. "வேண்டும்" என்று இருந்த இடத்தில் "லாம்" வந்துவிட்டது. மின்சக்தியுடன் இயங்கும் தொழிற்சாலைக்கான வரம்பு 10 தொழிலாளர்களிலிருந்து 20 ஆகவும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு 20இலிருந்து 50 ஆகவும் உயர்ந்துள்ளன. ஆய்வாளரின் பெயரோடு "வசதி செய்து தருபவர்" என்ற பட்டமும் ஒட்டியிருக்கிறது. யாருக்கு வசதி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பாதுகாப்புக்காக வழங்கும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்ற விதி இத்தொகுப்பிலும் இருக்கிறது. காலணிக்கென்று சம்பளத்தில் பிடித்தம் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கு எதிராக இந்த விதியை நாம் பயன்படுத்தவேண்டும். தொகுப்புகளை எதிர்த்துப் போராடிக்கொண்டே, அவற்றில் எஞ்சியிருக்கும் ஒவ்வோர் ஆயுதத்தையும் கையில் எடுப்பது முரண்பாடன்று.

கழற்றியவர் குற்றவாளியா?

இந்தப் பிரச்சனை வெறும் வலியோடு முடிவதில்லை. விபத்து நிகழ்ந்த பின் நடப்பதைப் பாருங்கள். காலில் இரும்பு விழுந்து விரல் நசுங்குகிறது. விசாரணையில் கேட்கும் முதல் கேள்வி: காலணி அணிந்திருந்தாரா? உரசல் தாங்காமல் சற்று நேரம் கழற்றியிருந்தால் "தொழிலாளியின் அலட்சியம்" என்று கோப்பு மூடப்படுகிறது. இழப்பீட்டுச் சட்டவிதிகளில், தனது பாதுகாப்புக்காக வழங்கிய சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியதாலோ புறக்கணித்ததாலோ காயம் ஏற்பட்டால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேராத நிலையில், முதலாளி இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்ற விதிவிலக்கு உண்டு. இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே விடப்பட்ட தொழிலாளியின் கழுத்தில் இது கத்தியாகத் தொங்குகிறது. இரண்டு விரல்களை இழந்தவர் இழப்பீட்டையும் இழக்கக்கூடும்.

இங்குதான் பதிவேட்டில் வாங்கிய அந்தக் கையெழுத்தின் உண்மையான பயன் வெளிப்படுகிறது. தொழிலாளியின் காலைக் காக்க வந்ததாகச் சொல்லப்படும் காலணி, முதலாளியின் பணப்பையைக் காக்கும் சாட்சியாக மாறுகிறது. "வேண்டுமென்றே அகற்றினார்" என்ற வாதத்திற்கு நாம் தரவேண்டிய பதில் இதுதான்: அணிய முடியாத பொருளை வழங்கியதாகவே கருத இயலாது. ஆனால் இந்தப் பதிலை விபத்துக்குப் பின் சொன்னால் போதாது. காலணி பொருந்தவில்லை என்ற புகார் விபத்துக்கு முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். வாய்வழிப் புகார் காற்றோடு போகும். தேதியிட்டு ஒப்புகை பெற்ற கடிதம் நீதிமன்றத்தில் பேசும்.

கம்பூட்டும் மழைநீரும்

ஆலைகளுக்கு வெளியே, மாநகரத்தின் குப்பையைச் சுமப்பவர்களுக்கும் இதே கதைதான். 1927 முதல் மும்பையின் குப்பையைத் தாங்கிவரும் தேவ்னார் கிடங்கு டிராம்பேக்குப் பக்கத்தில் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளிக்குக் கிடைக்கும் ரப்பர் கம்பூட்டுக்குக் கயிறும் கிடையாது, கொக்கியும் கிடையாது. காலைப் பிடித்து நிற்க அதற்கு அளவு ஒன்றே வழி. அளவு பெரிதானால் மேல்வாய் வழியே நீர் இறங்கும், ஈரத்தில் தோல் ஊறும், உரசலில் புண்ணாகும். எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் நுழைவது பெரும்பாலும் இத்தகைய சிறு புண்கள் வழியாகத்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியதையும், அதையடுத்த வாரங்களில் எலிக்காய்ச்சல் பரவியதையும் மும்பைவாசிகள் மறக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் குப்பை அள்ள முதலில் இறங்கியவர்கள் யார் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

மும்பை மாநகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் இந்த வகையில் நமக்கு நல்ல முன்னுதாரணம். கையுறை, கம்பூட், குடிநீர் என்ற மிக எளிய கோரிக்கைகளோடு அவர்களின் சங்கம் போராடத் தொடங்கியது. அந்தப் போராட்டம் படிப்படியாக "நாங்கள் யாருடைய தொழிலாளர்கள்?" என்ற அடிப்படைக் கேள்விக்கு வந்து சேர்ந்தது. 2017 ஏப்ரலில் 2,700 தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்ற தீர்ப்பை உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. சிறிய கோரிக்கை என்று ஒதுக்காமல் கையிலெடுத்தவர்களே பெரிய கோரிக்கையை வென்றெடுத்தார்கள்.

செருப்பும் சாதியும்

தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்குக் காலணி வெறும் பண்டமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆதிக்கச் சாதியினரின் தெருவில் தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு எத்தனை கிராமங்களில் இருந்தது! எத்தனை கிராமங்களில் இன்னும் நீடிக்கிறது! திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள ராஜாவூரில், 2023 டிசம்பரில்தான், சுமார் 60 தலித் மக்கள் செருப்பணிந்து அந்தத் தெருவில் முதன்முறையாக நடந்தார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் இடதுசாரி, அம்பேத்கரிய இயக்கங்களும் அவர்களோடு நடந்தன. தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1955இலேயே வந்துவிட்டது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அத்தகைய தெருக்களிலிருந்து தப்பித்து மும்பைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் தாராவியில் தோல் தொழிலை வளர்த்தார்கள். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடத்தின் தோல்களைக் கொண்டு அங்கே தோல் பதனிடும் தொழில் பெருகியது. இறைச்சிக்கூடம் 1971இல் தேவ்னாருக்கு இடம்பெயர்ந்தது. இன்றும் தாராவியின் பட்டறைகளில் தோலை வெட்டுபவர்களும் தைப்பவர்களும் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். மறுவளர்ச்சி என்ற பெயரில் அவர்களின் பட்டறைகளுக்கே இன்று ஆபத்து வந்திருக்கிறது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஏற்றுமதிக்கான ஷூக்களைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அகலத்தையும் கணக்கிட்டுத் தைக்கத் தெரிந்த அதே கைகளிடம், உள்நாட்டுத் தொழிலாளியின் காலுக்கேற்பத் தைக்கும்படி எவரும் சொல்வதில்லை. திறமை இல்லாமல் இல்லை. விலை கொடுக்க முதலாளிக்கு மனமில்லை.

ஊரில் செருப்பைக் கழற்றச் சொன்ன சாதியும், இங்கே பொருந்தாத பூட்ஸை மாட்டச் சொல்லும் மூலதனமும் ஒரே மனிதரின் காலைத்தான் அவமதிக்கின்றன.

இது சிறிய கோரிக்கையா?

சில தோழர்கள் கேட்கக்கூடும்: குறைந்தபட்ச ஊதியமே மறுக்கப்படுகிறது, சங்கம் வைத்தால் கேட் பாஸ் பறிபோகிறது, இந்த நேரத்தில் காலணியின் அளவைப் பற்றிப் பேசவேண்டுமா? நியாயமான கேள்வி. வேலை போய்விடுமோ என்ற அச்சம் உள்ள இடத்தில் எந்தக் கோரிக்கையும் எளிதன்று. நமது சங்கங்களும் பல ஆண்டுகளாகக் காலணியை எண்ணிக்கையாகவே கேட்டுவந்திருக்கின்றன: வருடத்திற்கு எத்தனை ஜோடி என்று. எண்ணிக்கை கிடைத்ததும் வெற்றி அறிவித்தோம். அது கால்களில் பொருந்தியதா என்று நாமும் கேட்கவில்லை. இந்தச் சுயவிமர்சனத்திலிருந்து தொடங்குவதே முறை.

மூலதனம் நூலின் முதல் தொகுதியில் வேலைநாளைப் பற்றிய நீண்ட அத்தியாயத்தை எழுதிய மார்க்ஸ், நிமிடங்களைக்கூட விட்டுவைக்காமல் கணக்கிட்டார். உணவு இடைவேளையில் முதலாளிகள் திருடிய ஐந்து நிமிடம், பத்து நிமிடம் எல்லாம் அங்கே வருகின்றன. வர்க்கப் போராட்டம் அத்தகைய சிறு அளவுகளிலும் நடைபெறுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். நிமிடத்தை அளக்க உரிமை கேட்ட வர்க்கம் மில்லிமீட்டரை அளக்கவும் உரிமை கேட்கலாம். மேலும், சங்கத்தில் சேரத் தயங்கும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் சட்டத் தொகுப்புகளைப் பற்றிப் பேசத் தொடங்குவதைவிட, "உங்கள் கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்பது எளிது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் பதில் இருக்கிறது.

கிளைகள் செய்யவேண்டியது

முதலாவதாக, அளவெடுப்போம். இதற்கு இயந்திரம் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் அளவுகோலும் போதும். ஷிப்ட் முடிந்த மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், வேலைக்குரிய காலுறையுடன், உடல் எடை முழுவதும் காலில் இறங்க நிற்கவைத்து, இரு பாதங்களையும் வரையவேண்டும். பெரும்பாலோருக்கு இரு கால்களும் சமமாக இருப்பதில்லை; பெரிய காலின் அளவே கணக்கு. நீளத்தோடு, விரல்களின் அடிமூட்டுப் பகுதியின் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கவேண்டும். நூறு தொழிலாளர்களின் அளவுகள் கையில் இருந்தால், "இந்த எண்ணில்தான் கிடைக்கிறது" என்ற ஒப்பந்ததாரரின் பேச்சு எடுபடாது.

இரண்டாவதாக, பொருந்துகிறதா என்பதைச் சோதிக்கத் தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். நின்றபடி கயிற்றை இறுக்கிக் கட்டியபின், விரல்கள் கவசத்திற்குள் அசையவேண்டும். எந்த விரலும் கவசத்தின் விளிம்பில் இடிக்கக்கூடாது. நடக்கும்போது குதிகால் எழக்கூடாது. படியில் இறங்கும்போது விரல் முன்னே சென்று முட்டக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் "பொருந்தவில்லை" என்று எழுதவேண்டும். எழுத விடவில்லை என்றால், சங்கத்தின் மூலம் அன்றே கடிதம் கொடுக்கவேண்டும்.

மூன்றாவதாக, கோரிக்கைகளை முதன்மை நிறுவனத்திடமே வைப்போம். காலணி வாங்கும் டெண்டரில் நீளத்தோடு அகலமும் குறிப்பிடப்படவேண்டும். பெண்களுக்கெனத் தனி அச்சில் தைத்த காலணி வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் காலணி வேண்டும். பொருந்தாததை ஒரு வாரத்திற்குள் மாற்றித் தரவேண்டும். அதுவரை தொழிலாளியைப் பாதுகாப்பான மாற்றுப் பணியில், ஊதிய இழப்பின்றி அமர்த்தவேண்டும். பிறர் அணிந்த காலணியை வழங்கக்கூடாது. பாதுகாப்புக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளரின் பிரதிநிதி இடம்பெறவேண்டும்; காலணியைத் தேர்வுசெய்யும் அதிகாரம் அக்குழுவுக்கு வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களும் மாநகராட்சியும் "பா" ஆய்வின் அளவுகளை ஏற்று மற்றவர்களுக்கு வழிகாட்டவேண்டும். மக்கள் பணத்தில் நடந்த ஆய்வின் பலன் கடைத்தெருவோடு நின்றுவிடாமல் பணித்தளத்திற்கும் வரவேண்டும்.

நான்காவதாக, இந்தக் கோரிக்கையைச் சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான போராட்டத்தோடு இணைப்போம். 2025 ஜூலை 9 பொதுவேலைநிறுத்தத்தின்போது மத்தியத் தொழிற்சங்கங்கள் எழுப்பிய முழக்கங்களை ஒப்பந்தத் தொழிலாளியின் அன்றாட அனுபவத்தோடு பொருத்திக் காட்டும் பணி நம்முடையது. தொகுப்பில் ஒரு சொல் மாறியதால் தனது காலில் என்ன மாறுகிறது என்பதை அவர் உணரும்போது, அந்த எதிர்ப்பு அவருடைய சொந்த எதிர்ப்பாகும்.

அந்தத் தோழரின் கால்களைக் கிளைக் கூட்டம் முடிந்தபின் ஒரு தாளில் வரைந்தோம். வலது கால் இடது காலைவிட நான்கு மில்லிமீட்டர் நீளம். இருபது ஆண்டுகளாக ஆலைகளில் உழைக்கும் தனது காலை ஒருவர் அளப்பது இதுவே முதல்முறை என்று அவர் சொன்னார். அந்தத் தாளில் அவருடைய பெயரையும் தேதியையும் எழுதி, சங்கத்தின் கோப்பில் முதலாவதாக வைத்திருக்கிறோம். இரண்டாவது தாள் அடுத்த ஷிப்ட் முடியும் நேரத்தில் தொடங்கும்.